பில்டப் விளம்பரத்தை நம்பிப் பணம் போனால்: புகார் கொடுக்க ஒரு வழிகாட்டி

"ஆறே மாதத்தில் வேலை, 100% கேரண்டி" என்ற போஸ்டரைப் பார்த்துப் பணம் கட்டியாயிற்று. வேலையும் கிடைக்கவில்லை, போன் செய்தால் எடுக்க ஆளும் இல்லை. இந்த நிலையில் பலரும் கூகுளில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்து, முகநூலில் நாலு வரி திட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். புகார் கொடுக்க இந்தியாவில் நாலைந்து இடங்கள் இருக்கின்றன. பாதி இடங்களில் பைசா செலவில்லை. ஆனால் எங்கே போனால் என்ன கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பணம் திரும்ப வேண்டும் என்பவர் விளம்பரக் கவுன்சிலில் புகார் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். விளம்பரம் நின்றால் போதும் என்பவர் வக்கீலைத் தேடி அலைவார். இரண்டும் வீண் அலைச்சல். வரிசையாகப் பார்ப்போம்.

1. வெறும் பில்டப்பா, அளந்து பார்க்கக்கூடிய பொய்யா?

இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் மற்ற எல்லாம் வீண். எல்லா மிகைப்படுத்தலும் குற்றமில்லை. "உலகத்திலேயே ருசியான காபி", "குடித்தால் மனசு பறக்கும்" என்பதெல்லாம் வியாபாரிகளின் வழக்கமான அளப்பு. சராசரி வாடிக்கையாளர் யாரும் அதை அப்படியே நம்பிப் பணம் கொடுப்பதில்லை என்பதால் சட்டம் அதைக் கண்டுகொள்வதில்லை. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலான ஆஸ்கியின் விதிகளும் வேடிக்கைக்காகவோ கண்ணைக் கவரவோ சொல்லும் வெளிப்படையான மிகையை அனுமதிக்கின்றன.

சொன்னதை அளக்க முடியுமா என்று பாருங்கள். எண், சதவீதம், நாள்கணக்கு, தரவரிசை, ஆய்வு, சான்றிதழ் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே வந்துவிட்டால் அது பில்டப் என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது. "முடிக்கு ராஜ வைத்தியம்" என்றால் அளப்பு. "21 நாளில் முடி உதிர்வது நிற்கும்" என்றால் நிரூபிக்க வேண்டிய கூற்று. நிரூபிக்கும் பொறுப்பும் விளம்பரம் செய்தவருடையது.

"இறக்கை தரும்" என்று விளம்பரம் செய்த ரெட் புல் பானத்தின் கதையைப் பலர் தவறாகச் சொல்வதால் ஒரு வரி. இறக்கை முளைக்கவில்லை என்பதற்காக அந்த நிறுவனம் 2014-இல் அமெரிக்காவில் 1.3 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது என்பார்கள். வழக்கின் மையம் இறக்கை இல்லை. சாதாரண காஃபினைவிட இந்தப் பானம் அதிகத் திறன் தரும் என்ற தொனியில் வந்த விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் வாதம். நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டது. உங்கள் புகாரிலும் இறக்கையை விட்டுவிட்டுக் காஃபினைப் பிடியுங்கள்.

நம் ஊரில் அடிக்கடி வரும் வகைகள்:

"நம்பர் 1": எதில், எந்த ஆண்டு, யார் எடுத்த கணக்கு என்பது விளம்பரத்திலேயே இல்லாவிட்டால் கேள்வி கேட்கலாம்.

"இலவசம்": பொருளை அனுப்புகிற நியாயமான செலவு போன்றவற்றைத் தவிர வேறு பணம் வாங்கினால் அது இலவசம் ஆகாது. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களில் இது தெளிவாக இருக்கிறது.

"ஸ்டாக் உள்ளவரை": நியாயமான அளவு சரக்கு வைக்காமல் ஆளை இழுக்க மட்டும் போடும் தூண்டில் விளம்பரத்துக்கும் அதே வழிகாட்டுதல்கள் பொருந்தும்.

"எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் தேர்ச்சி": பயிற்சி மையங்களின் பழைய வித்தை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் சென்னையைச் சேர்ந்த ஒரு ஐ.ஏ.எஸ். பயிற்சி நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அகில இந்திய அளவில் தேர்வான 933 பேரில் 336 பேர் எங்களிடம் படித்தவர்கள் என்பது விளம்பரம். அவர்களில் பெரும்பாலோர் எடுத்தது இலவச நேர்முகத் தேர்வு வழிகாட்டல் மட்டுமே என்பது விசாரணையில் தெரிந்தது. யார் எந்தப் படிப்பை எடுத்தார் என்பதை மறைத்ததுதான் குற்றம். அந்த ஆண்டு நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே தனி வழிகாட்டுதல்களும் வந்தன. தேர்ச்சி உத்தரவாதம் தரக்கூடாது. தேர்வானவரின் சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் போடக்கூடாது.

நட்சத்திரக் குறிக்குக் கீழே ஒளிந்திருக்கும் பொடி எழுத்தையும் பாருங்கள். பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரத்தின் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கொட்டை எழுத்தில் "100% பலன்" என்று போட்டுவிட்டு, "முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறும்" என்பதைக் கடைசியில் ஆங்கிலத்தில் எறும்பு அளவில் போடுவது விதிமீறல். நிறைய தமிழ் விளம்பரங்கள் இந்த ஒரு இடத்திலேயே மாட்டும். புகாரில் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

2. ஆதாரத்தை எடுத்து வையுங்கள், சண்டை போடுவதற்கு முன்பே

கஸ்டமர் கேரில் கத்திய மறுநாள் அந்த விளம்பரம் காணாமல் போகும். அதனால் முதல் போனுக்கு முன்னால் இவற்றை முடித்துவிடுங்கள்.

செய்தித்தாள் விளம்பரம் என்றால் கத்தரிக்காதீர்கள். தேதியும் பதிப்பும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் வையுங்கள். வெட்டி எடுத்த துண்டில் தேதி இருக்காது. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான்.

இணைய விளம்பரம் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டையும் தேதி, நேரமும் விழ வேண்டும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் உடனே ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். அந்தக் கணக்கின் பெயரைத் தொட்டு, புரொஃபைல் திறப்பது வரை ஒரே ஓட்டமாகப் பதிவு செய்தால் யாருடைய விளம்பரம் என்ற சந்தேகம் வராது. முகநூல், இன்ஸ்டாகிராம் நிறுவனமான மெட்டாவின் விளம்பர நூலகத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் தெரியும். அரசியல் சாராத விளம்பரங்கள், நிறுத்திய பிறகு அங்கே கிடைக்காது. ஓடும்போதே பிடிக்க வேண்டும்.

ஃபிளெக்ஸ், சுவர் விளம்பரம் என்றால் இரண்டு படம்: ஒன்று வாசகம் படிக்கும்படி கிட்டத்தில், இன்னொன்று கடையோ தெருவோ தெரியும்படி தூரத்தில்.

விளம்பரத்தைவிடச் சில சமயம் பலமான ஆதாரம், சேல்ஸ் ஆள் வாட்ஸ்அப்பில் எழுதியது. "சார், கண்டிப்பா வேலை வாங்கித் தருவோம்" என்று ஒரு வரி இருந்தால் அது தங்கம். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். போனில் மட்டும் சொன்னார் என்றால், "காலையில் நீங்கள் சொன்னபடி மூன்று மாதத்தில் முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும்தானே?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் எப்படி வந்தாலும் பயன்தான்.

இவற்றோடு பில் அல்லது ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், ஒப்பந்தம், பொருளின் அட்டைப்பெட்டி. பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். தயாரிப்பாளரின் முழுப் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும்.

3. எதிரியின் சரியான பெயரைக் கண்டுபிடியுங்கள்

போர்டில் இருக்கும் பெயர் வேறு, சட்டப்படியான பெயர் வேறு. பிராண்டு பெயரில் நோட்டீஸ் அனுப்பினால் "அப்படி ஒரு நிறுவனமே இல்லை" என்று திரும்பி வரும், மாதக்கணக்கில் இழுபடும். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதல்லவா? ஜி.எஸ்.டி. தளத்தில் வரிசெலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப் பெயர், எந்த வகை நிறுவனம், எங்கே தொழில் நடக்கிறது என்ற விவரங்கள் வந்துவிடும். கட்டணம் கிடையாது, லாகின் தேவையில்லை. தனிநபர் நிறுவனம் என்று வந்தால் உரிமையாளரின் பெயரிலேயே புகார் கொடுக்க வேண்டும்.

பில்லே கொடுக்கவில்லை என்றால் யூ.பி.ஐ. பணப்பரிமாற்ற விவரத்தில் பணம் பெற்றவர் பெயரைப் பாருங்கள்.

4. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

விளம்பரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஆஸ்கி. அந்த நிறுவனத்துக்கு அபராதம் விழ வேண்டும், பலர் ஏமாறுகிறார்கள் என்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். உங்கள் பணம் திரும்ப வேண்டும் என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

நீங்கள் எதையும் வாங்கவில்லை, விளம்பரத்தைப் பார்த்து எரிச்சல்பட்டதோடு சரி என்றால் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. முதல் இரண்டுக்கும் போகலாம். கடைக்கு, தொழிலுக்கு என்று வாங்கிய பொருளுக்கும் சட்டப்படி நீங்கள் நுகர்வோர் அல்ல. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. பில்லை நிறுவனத்தின் பெயரில், ஜி.எஸ்.டி. கிரெடிட்டுக்காக வாங்கியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே ஆயுதமாக எடுக்கும்.

5. எழுத்தில் ஒரு நோட்டீஸ்

சட்டம் கட்டாயமாக்கவில்லை. இருந்தாலும் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். என்ன விளம்பரம், எந்தத் தேதி, எவ்வளவு கட்டினீர்கள், சொன்னதற்கும் கிடைத்ததற்கும் என்ன வித்தியாசம், எவ்வளவு திரும்ப வேண்டும், 15 நாள் கெடு. ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். பிறகு அது உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் இணையத்தில் வரும் டெலிவரி விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள். கூடவே ஈமெயிலிலும் அனுப்புங்கள்.

6. 1915-ஐ அழையுங்கள்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், தேசிய விடுமுறை தவிர எல்லா நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை. போனில் காத்திருக்கப் பிடிக்காதவர்களுக்கு 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும், இணையதளமும், உமங் ஆப்பும் உண்டு. இணையத்தில் பதிவு செய்வதே நல்லது, ஆதாரங்களை நீங்களே ஏற்றலாம்.

இது நீதிமன்றம் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்கள், டெலிகாம், டி.வி., ஃபிரிட்ஜ் கம்பெனிகள் என்றால் பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும், ஏனென்றால் அங்கெல்லாம் இதற்கென்று ஆள் இருக்கிறார். தெருமுனைக் கோச்சிங் சென்டரும் இன்ஸ்டாகிராம் கடையும் பதிலே போட மாட்டார்கள். அப்போதும் நஷ்டமில்லை. உங்கள் புகாருக்குத் தரும் டாக்கெட் எண்ணும் அவர்கள் பதில் சொல்லாத விவரமும் அடுத்த கட்டத்தில் உதவும்.

ஒரு பொறி: "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று நிறுவனமே ஒரு பதிலைப் போட்டு டாக்கெட்டை மூடப் பார்க்கும். உடனே மறுத்துப் பின்னூட்டம் பதிவு செய்யுங்கள். "கம்பெனி கிரெடிட் தருகிறோம், கூப்பன் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். வாங்கிக்கொண்டால் விஷயம் முடிந்ததாகிவிடும்.

7. ஆஸ்கியும் மத்திய ஆணையமும்

ஆஸ்கி என்பது 1985-இல் தொடங்கிய, விளம்பரத் துறையினர் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாட்டு அமைப்பு. அரசு அலுவலகம் அல்ல. நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. இணையதளத்திலோ 77100 12345 என்ற வாட்ஸ்அப் எண்ணிலோ விளம்பரத்தின் படத்தையும், எங்கே எப்போது பார்த்தீர்கள் என்பதையும், எந்த வரி பொய் என்பதையும் அனுப்பினால் போதும். "விளம்பரமே மோசம்" என்று பொதுவாக எழுதாதீர்கள். வாசகத்தை அப்படியே மேற்கோள் காட்டி, அதற்கு ஆதாரம் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு ரீல்ஸ் போடுபவர் அது விளம்பரம் என்று குறிப்பிடவில்லை என்றாலும் இங்கே புகார் செய்யலாம். பணம் திரும்ப வராது. அரசியல் விளம்பரங்களை இவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் வந்தது. இதற்குப் பல் உண்டு. விளம்பரத்தை நிறுத்தலாம், தயாரிப்பாளருக்கும் விளம்பரத்தில் நடித்தவருக்கும் முதல் முறை 10 லட்சம் வரை, அடுத்தடுத்து 50 லட்சம் வரை அபராதம் போடலாம், நடித்தவரை ஓராண்டு வரை, திரும்பச் செய்தால் மூன்றாண்டு வரை விளம்பரங்களிலிருந்து விலக்கி வைக்கலாம். சொல்லப்பட்டதைத் தகுந்தபடி சரிபார்த்தேன் என்று நிரூபித்தால் நடிகர் தப்பிக்கலாம். புகாரை நேராக ஆணையத்துக்கோ உங்கள் மாவட்ட ஆட்சியருக்கோ எழுத்தில் கொடுக்கலாம். பலரைப் பாதிக்கும் விஷயங்களில்தான் ஆணையம் இறங்கும். அதே விளம்பரத்தில் ஏமாந்த இன்னும் சிலரைச் சேர்த்து, ஆளுக்கொரு புகாராகக் கொடுப்பது பலன் தரும். அபராதப் பணம் உங்கள் கைக்கு வராது என்பதை நினைவில் வையுங்கள்.

8. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்

பணம் வாங்கித் தரும் இடம் இதுதான். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்து இது முடிவாவதில்லை. எதிர்த்தரப்பு டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை.

கெடு: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. 1915-இல் புகார் நிலுவையில் இருக்கிறது, கம்பெனியோடு பேச்சு நடக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. "அடுத்த மாதம் செட்டில் செய்கிறோம் சார்" என்று இழுத்தடிப்பதில் பாதி, இந்த இரண்டு ஆண்டைக் கடத்துவதற்குத்தான்.

கட்டணம்: கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் ஒன்றுமில்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. உண்மையான செலவு நோட்டரி, ஜெராக்ஸ், தபால் ஆகியவற்றில்தான். சில நூறு ரூபாயில் முடியும். வக்கீல் வைத்தால் அது தனிக் கணக்கு. கொடுத்தது 5,000 ரூபாய் என்றால் வக்கீல் வைப்பதில் அர்த்தமே இல்லை.

வேண்டிய தாள்கள்: பக்க எண்ணோடு பொருளடக்கம், தேதிவாரி நிகழ்வுப் பட்டியல், தரப்பினரின் பெயர், முகவரி, புகார் மனு, நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், ஆதாரங்களின் நகல்கள், ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்து, அடையாள, முகவரிச் சான்று. ஸ்கிரீன்ஷாட், சாட் போன்ற மின்னணு ஆதாரங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய சட்டம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றையும் சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கைவைப்பது அதில்தான். ஆணையத்துக்கு மூன்று செட், எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு செட். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.

இணையத்தில் புகார் போட, முன்பெல்லாம் இ-தாகில் என்ற தளம் இருந்தது. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி. மொபைலில் வரும் ஓ.டி.பி. வைத்துப் பதிந்து, எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக ஏற்ற வேண்டும். கோணலாக எடுத்த செல்போன் படங்களை அப்படியே ஏற்றினால் குறை சொல்லித் திருப்பிவிடுவார்கள். ஸ்கேன் ஆப் ஒன்றில் எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் "இணைப்பு 1, ரசீது" என்பதுபோலப் பெயர் வையுங்கள். ஏற்றியபின் ஒருமுறை ஆணைய அலுவலகத்துக்குப் போய் நகல் செட் வேண்டுமா என்று கேட்டுவிடுவது நல்லது.

மனுவில் என்ன எழுதுவது என்பதில் ஒரு நுணுக்கம். "ஒருமுறை கட்டிய பணம் திரும்பத் தரப்படாது" என்ற ஒப்பந்த வாசகத்தைத் தாக்கி, "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று வழக்கைக் கட்டினால் அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் உண்டு. மாவட்டத்தில் போடும்போது "நியாயமற்ற வணிக நடைமுறை", "சேவைக் குறைபாடு" என்ற இரண்டையும் வைத்தே கட்டுங்கள். தவறான விளம்பரம் முதலாவதில் அடங்கும்.

இழப்பீட்டில் ஆசைப்படாதீர்கள். 8,000 ரூபாய் கோர்ஸுக்கு 25 லட்சம் மன உளைச்சல் கேட்டால் உங்கள் மனுவே பில்டப் ஆகிவிடும். கட்டிய தொகை, அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள்.

காலம்: புகாரை ஏற்பதா என்று 21 நாளில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமென்றால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடமாவது ஆகும் என்று மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போங்கள். முழுத் தொகைக்குக் கொஞ்சம் குறைவாக, ஆனால் சீக்கிரம் கிடைக்கும்.

9. வேறு கதவைத் தட்ட வேண்டியவை

ஃபிளாட், மனை: ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியவருக்கு வட்டியோடு பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை தருகிறது. ரெரா பதிவு எண் இல்லாத விளம்பரமா, அதுவே முதல் எச்சரிக்கை.

சர்க்கரை நோயைக் குணமாக்கும், உயரத்தைக் கூட்டும், புற்றுநோயைத் தீர்க்கும் என்ற மருந்து விளம்பரங்கள்: பலன் உண்டா இல்லையா என்ற வாதமே வேண்டாம். 1954-ஆம் ஆண்டு மந்திர மருந்துகள் சட்டத்தின்படி அந்த நோய்களின் பெயரில் மருந்து விளம்பரம் செய்வதே குற்றம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள்.

மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்ற முதலீடு: பங்குச்சந்தை சார்ந்தது என்றால் அதைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் புகார் தளம், டெபாசிட் என்றால் ரிசர்வ் வங்கியின் சசேத் தளமும் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசும். ஆன்லைனில் பணம் பறிபோய்ச் சில மணி நேரமே ஆகியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பல்கலைக்கழகம், கல்லூரிக் கட்டணம்: "கல்வி நுகர்வோர் சேவை ஆகாது" என்ற வாதம் வரும், இதில் மட்டும் மனு போடுமுன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

10. தீர்ப்பு வந்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எதிர்த்தரப்பு மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு. செய்ய வேண்டுமென்றால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதால் சிறிய தொகை வழக்குகளில் பெரும்பாலும் போக மாட்டார்கள். உங்களுக்குத் திருப்தியில்லை என்றாலும் அதே 45 நாள்தான்.

பணம் தானாக வராது. உத்தரவில் சொன்ன கெடு முடிந்ததும், அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். 2019 சட்டத்தின் 71-ஆம் பிரிவில் போட்டால் சொத்தை முடக்கி வசூலிக்கும் வழி. 72-ஆம் பிரிவில் போட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சின்ன நிறுவனங்களிடம் 72 சீக்கிரம் வேலை செய்யும். மனுவோடு உங்கள் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, ரத்து செய்த செக் தாள் ஒன்றையும் இணைத்துவிடுங்கள். "எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியவில்லை" என்று ஒரு வாய்தா வாங்க முடியாது.